தடைக்காலத்தில் ஒரு மன்னிப்புப் பயிற்சி: கூட்டுப் படகை இழந்த அண்ணன் தம்பி குறித்த நிகழ்வு ஆய்வு

இந்த ஆய்வில் வருபவர் தனி ஓர் ஆள் அல்ல. கூட்டுப் படகு, வியாபாரியிடம் வாங்கிய கடன், உடன்பிறந்தவர்களுக்குள் நின்றுபோன பேச்சு என்று ராமநாதபுரம் மாவட்டக் கடற்கரையில் ஆலோசனைக்கு வருகிறவர்களிடம் அடிக்கடி காணப்படும் கூறுகளைச் சேர்த்து ஒருவராக்கி எழுதியிருக்கிறது. யாரையும் அடையாளம் காட்டக்கூடிய எதுவும் இதில் இல்லை. மீன்பிடித் தடைக்காலத்தில் செய்த பயிற்சியின் வரிசை, அளவு, அது எங்கே பிசகும், ஏன் பிசகும் என்பவைதான் இங்கே பேச்சு.

மன்னிப்பு என்று ஊரில் பேசும்போது மூன்று வேறு வேலைகளை ஒரே கட்டாகக் கட்டிவிடுகிறோம். உள்ளே கிடக்கும் வன்மத்தை இறக்குவது ஒன்று. அந்த ஆளோடு மறுபடி உறவாடுவது இன்னொன்று. கொடுக்கல் வாங்கலைத் தீர்ப்பது வேறொன்று. முதல் வேலையை ஒருவர் தனியாகவே செய்யலாம். அடுத்ததற்கு இரண்டு பேர் வேண்டும். கடைசி வேலைக்குக் காகிதம் வேண்டும். இந்த நிகழ்வில் ஏற்பட்ட பெரிய சறுக்கல், இந்த வரிசையை மாற்றியதால் வந்தது.

வந்தவர்

வயது 48. படிப்பு 5ஆம் வகுப்பு. கத்தோலிக்கக் குடும்பம். பாக் நீரிணைப் பக்கம் உள்ள ஒரு மீனவ ஊர். அப்பாவின் பழைய வள்ளத்தை விற்று, அந்தப் பணத்தோடு இன்னும் கொஞ்சம் போட்டு, இவரும் தம்பியும் சேர்ந்து ஒரு ஃபைபர் படகும் வெளிப்பொருத்து இன்ஜினும் வாங்கினார்கள். தம்பி தன் மகள் கல்யாணத்துக்காக ஒரு மீன் வியாபாரியிடம் படகைக் காட்டிக் கடன் வாங்கினார். "அண்ணனுக்கும் தெரியும்" என்று அங்கே சொல்லியிருக்கிறார். இவரும் ஒரு காகிதத்தில் கையெழுத்துப் போட்டிருக்கிறார், என்ன எழுதியிருக்கிறது என்று படிக்காமலே. தவணை நின்றது. முதலில் இன்ஜின் போனது, பிறகு படகும். இது நடந்து இரண்டு வருடத்துக்கு மேல் ஆகிறது.

சொந்தப் படகில் போனவர் இப்போது அடுத்தவர் விசைப்படகில் பங்குக்குப் போகிறார். தம்பி அதே வியாபாரியின் கம்பெனியில் மீன் எடை போடுகிறார். இரண்டு வீட்டுக்கும் ஒரே சுவர். படகு போன எட்டாம் மாதம் அப்பாவும் இறந்தார்.

அவர் சொன்ன தொந்தரவுகள்: இரவு 2 மணிக்கு விழிப்பு, அதற்குப் பிறகு தூக்கமில்லை. காலையில் தாடை வலி. நெஞ்சைப் பிடித்து இறுக்குவது போல் இருப்பது. வாரத்தில் மூன்று சாயங்காலம் குடி. மனைவியிடம் சின்ன விஷயத்துக்கும் கத்துவது. ஞாயிறு பூசையில், எங்களுக்குத் தீமை செய்பவர்களை நாங்கள் பொறுப்பதுபோல என்ற வரி வரும்போது வாயை மூடிக்கொள்வது. கடைசியாகச் சொன்னதை அவர் தொந்தரவாகச் சொல்லவில்லை, வைராக்கியமாகச் சொன்னார். "அவன் மூஞ்சில முழிச்சா அன்னைக்குப் பாடு கிடையாது சார். மன்னிக்கிறதெல்லாம் நமக்கு வேணாம். தூங்க ஒரு வழி சொல்லுங்க."

இப்படி வருபவரிடம் மன்னிப்பைப் பற்றி எதுவும் பேசக்கூடாது. தூக்கம்தான் கேட்டிருக்கிறார். தூக்கத்திலிருந்துதான் தொடங்க வேண்டும்.

தொடங்குமுன் பார்த்தவை

நெஞ்சு இறுக்கத்தை மனசு சம்பந்தப்பட்டது என்று எடுத்த எடுப்பில் எழுதிவிடக் கூடாது. ஈசிஜி எடுத்து, இரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்த்த பிறகே பயிற்சி தொடங்கியது. ஈசிஜியில் கோளாறு இல்லை. அழுத்தம் கூடுதலாக இருந்தது. மாத்திரை வீட்டுக்கே வந்துகொண்டிருந்தது, இவர்தான் நினைத்தபோது போட்டுக்கொண்டிருந்தார். மாத்திரையை ஒழுங்காகப் போடுவது முதல் வார வீட்டுப்பாடத்தில் முதல் வரி. தியானம் பழகினால் பி.பி. மாத்திரையை விடலாம் என்று யாராவது சொன்னால் அந்த ஆளிடமிருந்து விலகிக்கொள்வது நல்லது.

மனச்சோர்வை அளக்கும் ஒன்பது கேள்விப் பட்டியலில் மதிப்பெண் 0 முதல் 27 வரை போகும். இவருடையது 10 முதல் 14 வரையுள்ள நடுத்தர வரம்பில் இருந்தது. சாக வேண்டும் என்ற எண்ணம் உண்டா என்பதை நேராகவே கேட்க வேண்டும். அப்படிக் கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. இவருக்கு இல்லை. இருந்திருந்தால் மனநல மருத்துவர் முதலில், மற்றதெல்லாம் பிறகு. 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண்ணில் எந்நேரமும் தமிழில் பேசலாம் என்பதை மனைவியிடமும் சொல்லி வைத்தோம். குடி தினசரி இல்லாததால் ஆபத்து குறைவு. தினமும் நிறையக் குடிப்பவர் திடீரென்று நிறுத்தினால் வலிப்பு வரை போகலாம். அவர்களைத் தியானத்துக்கு உட்கார வைப்பதற்கு முன் மருத்துவமனைக்கு அனுப்ப வேண்டும்.

இந்த மாவட்டத்தில் இதை அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் ஒரு தனியார் மனநலக் காப்பகம் தீப்பிடித்து, சங்கிலியில் கட்டப்பட்டிருந்த 28 பேர் இறந்தார்கள். பிரார்த்தனை தவறு என்பது அதன் பாடம் அல்ல. மருந்து இருக்க வேண்டிய இடத்தில் மருந்து இல்லை என்பதுதான். அதே ஏர்வாடி தர்காவில் பின்னாளில் துவா என்ற பிரார்த்தனையும் மருந்தும் பக்கத்துப் பக்கத்தில் கிடைக்க ஏற்பாடு வந்தது. மன்னிப்புப் பயிற்சிக்கும் அதுதான் சரியான இடம், மருந்துக்குப் பக்கத்தில். காதில் குரல் கேட்கிறவர்கள், யாரோ தன்னைக் கொல்ல வருவதாக நம்புகிறவர்கள், இன்னும் அடி வாங்கிக்கொண்டிருக்கும் பெண்கள், இவர்களுக்கு இந்தப் பயிற்சி பொருந்தாது. அடிக்கிறவனை மன்னிக்கக் கற்றுத் தருவது அடியை நீட்டிப்பதாகும். அங்கே முதலில் 181, பெண்கள் உதவி எண்.

ஏன் தடைக்காலம்

கிழக்குக் கடற்கரையில் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள். எட்டு வாரமும் ஐந்து நாளும். ஜான் கபாட்-ஸின் என்பவர் 1979இல் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தில் தொடங்கிய தியானப் பயிற்சியும் எட்டு வார அளவுதான். கடல் நாட்களில் நடுச்சாமம் வேலை, பகலில் தூக்கம் என்று கிடக்கிற உடம்புக்கு, தினமும் ஒரே நேரத்தில் உட்கார வருடத்தில் கிடைக்கிற ஒரே இடைவெளி இது.

ஆனால் கோபம் உச்சத்துக்குப் போவதும் இந்த 61 நாளில்தான். வருமானம் இல்லை. அரசு தரும் 8000 ரூபாய் நிவாரணம் பள்ளிக்கூடச் செலவுக்குள் கரைந்துவிடும். பழைய கதையைப் புரட்ட டீக்கடையில் வேண்டிய நேரம் இருக்கிறது. வலை சீர்செய்யும் வேலை கைக்கு, மனசுக்கு வேலை இல்லை. இதைத் தொடக்கத்திலேயே சொல்லிவிட்டால், இரண்டாம் வாரத்தில் கோபம் கூடும்போது "தியானம் பண்ணினதுல அதிகமாயிருச்சு" என்று விட்டுவிட்டுப் போகமாட்டார்.

திட்டம்: தடைக்காலத்துக்குள் வாரம் ஒன்றாக 8 அமர்வு, ஒவ்வொன்றும் 50 நிமிடம். கடலுக்குத் திரும்பிய பின் 2. அடிப்படைச் சட்டகம் அமெரிக்க உளவியலாளர் ராபர்ட் என்ரைட்டின் நான்கு கட்ட மன்னிப்பு முறை: காயத்தைத் திறந்து பார்த்தல், முடிவெடுத்தல், உழைத்தல், அர்த்தம் காணுதல். இன்னோர் உளவியலாளர் எவரெட் வொர்திங்டனின் ஐந்து படி முறையிலிருந்தும் சில துண்டுகள் எடுத்துக்கொள்ளப்பட்டன. வொர்திங்டன் முறையில் அமைந்த, சுமார் 3 மணி நேரத்தில் தானாகவே செய்யும் பயிற்சி ஏட்டை 5 நாடுகளில் 4598 பேரிடம் சோதித்துப் பார்த்து, 2024இல் முடிவு வெளியிட்டார்கள். மனச்சோர்வும் பதற்றமும் ஓரளவு குறைந்தன. அந்த ஐந்தில் இந்தியா இல்லை. அங்கே ஏட்டில் தனியாக எழுதினார்கள். இங்கே பாதிப் பேர் எழுத மாட்டார்கள், தனியாகவும் இருக்க மாட்டார்கள்.

முதல் இரண்டு வாரம்: உடம்பு

சம்மணம் வேண்டாம் என்று முதலிலேயே சொல்லியாகிவிட்டது. முப்பது வருடம் படகில் நின்ற முழங்கால் அது. பிளாஸ்டிக் நாற்காலி, முதுகு சாயாமல், பாதம் இரண்டும் சிமெண்டுத் தரையில். கண் பாதி திறந்து, நாலைந்தடி தள்ளித் தரையைப் பார்த்தபடி. மூச்சை 4 எண்ணி உள்ளே, 6 எண்ணி வெளியே. ஒரு மூச்சுக்கு 10 விநாடி, நிமிடத்துக்கு 6 மூச்சு. வெளிமூச்சு நீளமாக இருக்கக் காரணம், மூச்சு விடும்போது இதயத் துடிப்பு இயல்பாகவே கொஞ்சம் குறையும். அந்தப் பகுதியை நீட்டினால் உடம்பு தானாக இறங்கும்.

எண்ணுவதற்கு ஜெபமாலை. அதை இப்படி எடுப்பது சம்மதமா என்று கேட்டுக்கொண்ட பிறகுதான். பத்து மணியில் ஒரு சுற்று 100 விநாடி, மூன்று சுற்று 5 நிமிடம். கடிகாரம் தேவையில்லை. இஸ்லாமியரின் 33 மணி ஜெபமாலையான தஸ்பீஹ் என்றால் ஒரு சுற்றே ஐந்தரை நிமிடம். 108 மணி ருத்ராட்ச மாலையில் முழுச் சுற்று 18 நிமிடம் ஆகிவிடும். புதியவருக்கு அது அதிகம், கால் பாகமாக 27 மணி போதும். காலை 5 நிமிடம், மாலை 5 நிமிடம். இதற்கு மேல் செய்ய ஆசைப்பட்டாலும் முதல் வாரத்தில் வேண்டாம்.

மூன்றாம் நாளே ஒரு பிசகு. மூச்சைக் கவனித்ததும் நெஞ்சு இறுக்கம் கூடி, வியர்த்து, எழுந்துவிட்டார். இது அரிதல்ல. எந்த இடத்தில் பயம் குடியிருக்கிறதோ அங்கேயே கவனத்தை வைத்தால் பயம் பெரிதாகும். விட்டுவிடாமல் செய்யுங்கள் என்று இந்த நேரத்தில் சொல்வது தப்பு. கவனத்தை நெஞ்சிலிருந்து பாதத்துக்கு மாற்றினோம்: குதிகால் அழுத்தம், தரையின் குளிர்ச்சி, விரல் இடுக்கில் மணல். மூச்சு எண்ணிக்கை ஓடட்டும், கவனம் காலில் இருக்கட்டும். அதற்குப் பிறகு இறுக்கம் வரவில்லை.

இன்னொன்று, இரவு 9 மணிக்கு உட்கார்ந்தால் தூங்கி விழுந்தார். தூக்கக் கடன் உள்ள உடம்பு அப்படித்தான் செய்யும். குறையாகச் சொல்லாமல் நேரத்தை மட்டும் மாலை 5க்கு மாற்றியாகிவிட்டது. இரவு 2 மணி விழிப்புக்கு வேறு ஏற்பாடு: படுத்தபடி 10 வெளிமூச்சு, தூக்கம் வராவிட்டால் எழுந்து திண்ணையில் உட்கார்வது, பாயில் புரண்டு கணக்குப் பார்க்காமல் இருப்பது.

கோபக் குறிப்பு எழுத நோட்டு கொடுத்தால் எழுத மாட்டார். தினசரிக் காலண்டரில் கிழிக்கும் தாளின் பின்பக்கம், கோபம் வந்தபோதெல்லாம் 0 முதல் 10க்குள் ஓர் எண், எங்கே என்பதற்கு ஒரு சொல். அவ்வளவுதான். இரண்டு வாரத் தாளைப் பரப்பிப் பார்த்தபோது, தம்பியை நேரில் பார்க்கிற ஏலக் கரையில் 6, 7. வலை சீர்செய்யும் இடத்தில் 9. அங்கே தம்பி கிடையாது. கை பின்ன, மனசு அந்தக் காகிதத்தில் கையெழுத்துப் போட்ட நாளை ஓட்டிக்கொண்டிருந்தது. ஆளைவிட நினைப்புதான் அதிகம் வேலை செய்கிறது என்பதை அவருக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. தாளைப் பார்த்து அவரே சொன்னார். அதன் பிறகு வலை வேலையையே பயிற்சியாக்கினோம்: ஒவ்வொரு பத்துக் கண்ணிக்கும் ஒருமுறை ஊசி பிடித்த விரலின் அழுத்தத்தைக் கவனிப்பது, நினைப்பு போயிருந்தால் "நினைப்பு" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டுக் கைக்குத் திரும்புவது.

மூன்றாம் வாரம்: இழப்பைப் பிரித்து எழுதுதல்

ஆலோசகர் எழுத, அவர் சொன்னார். வீட்டில் மகளை வைத்து எழுத வைக்கக் கூடாது. அப்பாவின் வன்மத்தைப் பிள்ளை கையால் எழுதினால் அது பிள்ளைக்கும் சொத்தாகிவிடும். தாளில் மூன்று பத்தி. தம்பி செய்ததால் நேராகப் போனது: இன்ஜின், படகில் பாதி, சொந்தக்காரன் என்ற பெயர். அதைத் தொடர்ந்து போனது: தம்பி மகள் கல்யாணத்துக்குப் போகவில்லை, இரண்டு வீட்டுப் பிள்ளைகளும் பேசுவதில்லை, கூலிக்குப் போகும்போது வயதில் சின்னவர்கள் ஏவுவது. இந்தக் கோபத்தைச் சுமப்பதால் இன்றும் போய்க்கொண்டிருப்பது: தூக்கம், மனைவியிடம் உள்ள நயம், பூசை.

முதல் பத்தியில் உள்ள பணத்தை மட்டும் தனித் தாளுக்கு மாற்றி, கணக்கு என்று தலைப்புப் போட்டு மடித்து வைத்தோம். "இதை மன்னிக்கச் சொல்ல மாட்டோம். இது கணக்கு. பிறகு பார்க்கலாம்." அவர் முகம் தெளிந்தது அப்போதுதான். மன்னித்தால் பணமும் போச்சு என்ற பயம்தான் அதுவரை தடுத்துக்கொண்டிருந்தது. இந்தக் கரையில் மன்னிப்புக்கு மறுப்பு சொல்கிறவர்களில் பெரும்பாலோர் இறுகிய மனம் படைத்தவர்கள் அல்ல. இன்னொரு முறை ஏமாற மாட்டேன் என்கிறார்கள், அவ்வளவுதான்.

நான்காம் வாரம்: விருந்தில் கை கொடுத்தது

மே மாதம், சொந்தத்தில் ஒரு பிள்ளை முதன்முறை நற்கருணை வாங்கிய புதுநன்மை விருந்து. மாமா முறையுள்ள பெரியவர் இருவரையும் பந்திக்கு நடுவில் நிறுத்தி, "ஒரு தாய் வயித்துப் பிள்ளைக, எத்தனை நாளைக்குடா இது? கையக் குடு" என்றார். நூறு பேர் பார்க்கிறார்கள். அண்ணன் கை கொடுத்தார். தம்பி கட்டிப்பிடித்து அழுதார். போட்டோவும் எடுத்தார்கள். எல்லோருக்கும் சந்தோஷம்.

அன்று இரவு அவர் தூங்கவில்லை. இரண்டு நாள் தொடர்ந்து குடி. காலண்டர் தாளில் 10, 10, 9. அமர்வுக்கு வந்தவர், "நான் என்ன கேனையனா சார்? கட்டிப் பிடிச்சான், படகைப் பத்தி ஒரு வார்த்தை சொன்னானா?" என்றார்.

ஏன் இப்படி ஆனது? அவர் காயத்தை அதுவரை ஊரில் யாரும் முழுதாகக் கேட்டிருக்கவில்லை. கேட்காமலே கதவை அடைத்துவிட்டார்கள். உறவாடும் வேலையை வன்மம் இறக்கும் வேலைக்கு முன்னால் வைத்துவிட்டார்கள். தவிர, கை கொடுத்த பிறகு கோபப்படும் உரிமையும் போய்விட்டது. இனி முறைத்தால் "விருந்துல கை குடுத்தவன்தானே" என்பார்கள். வெளியே மன்னித்தவர், உள்ளே மன்னிக்காதவர் என்ற இரட்டை நிலை, பழைய நேர்ப்பகையைவிட உடம்பை அதிகம் தின்னும். அந்தப் பெரியவர் நல்லெண்ணத்தில்தான் செய்தார். நல்லெண்ணம் உள்ளவர்களை முன்கூட்டியே தடுத்து வைப்பது திட்டத்தில் இருந்திருக்க வேண்டும். மனைவி மூலமாக "இன்னும் இரண்டு மாசத்துக்கு யாரும் சேர்த்துவைக்க வராதீங்க" என்று சொல்லி வைப்பது இப்போதெல்லாம் முதல் அமர்வு வேலை.

அந்த வாரம் புதிதாக எதுவும் செய்யவில்லை. பாதக் கவனிப்பு, வெளிமூச்சு, மாத்திரை. கை கொடுத்ததை வாபஸ் வாங்கவும் சொல்லவில்லை, நியாயப்படுத்தவும் இல்லை. "அது ஊருக்காகக் கொடுத்த கை. உங்களுக்கான முடிவு இன்னும் உங்கள் கையில்தான் இருக்கிறது."

முடிவு என்பது மூன்று வாக்கியம்

ஐந்தாம் அமர்வில் எடுத்த முடிவு மன்னித்துவிட்டேன் என்பதல்ல. அப்படிச் சொன்னால் அடுத்த கோபத்தில் பொய்யாகிவிடும். கண்ணால் பார்த்து ஆம், இல்லை என்று சொல்லக்கூடிய நடத்தையாக இருக்க வேண்டும். அவர் சொன்னபடி: "அவன் கெட்டுப் போகணும்னு இனி நினைக்க மாட்டேன், நினைப்பு வந்தா விட்டுருவேன். டீக்கடையில அவன் கதையை எடுக்க மாட்டேன். அவனோட சேர்ந்து படகு வாங்க மாட்டேன்." மூன்றாவது வாக்கியம் மன்னிப்பில் சேருமா என்று சிலர் கேட்பார்கள். சேரும். எல்லை தெரியாத மன்னிப்பு முதல் பணக் கஷ்டத்திலேயே உடையும். இரண்டாவது வாக்கியம்தான் கடினம். டீக்கடையில் கதை கேட்கிறவர்களுக்கு அது பொழுதுபோக்கு, "அப்புறம் என்னாச்சு" என்று அவர்களே எடுத்துக் கொடுப்பார்கள். "அதை விடுங்கண்ணே" என்று ஒரே பதிலை வைத்துக்கொள்ளப் பழகினார்.

உழைக்கும் கட்டம்

எழுதாதவருக்கு அனுப்பாத கடிதம் எப்படி? போனில் குரல் பதிவு. இதில் ஒரு ஆபத்து உண்டு: வாட்ஸ்அப்பில் பதிவு செய்யவே கூடாது. விரல் வழுக்கினால் தம்பிக்கோ குடும்பக் குழுவுக்கோ போய்விடும். போனில் உள்ள ரெக்கார்டரில், இன்டர்நெட்டை அணைத்துவிட்டு, 20 நிமிடத்துக்கு மேல் போகாமல், தம்பியை முன்னால் வைத்துப் பேசுவது போல். அடுத்த அமர்வில் சேர்ந்து கேட்டுவிட்டு அழிப்பது. கடற்கரையில் எரிப்பது, அக்னி தீர்த்தத்தில் விடுவது போன்ற சடங்குகளைச் சிலர் விரும்புகிறார்கள். செய்யலாம். அன்று பெரிய விடுதலையாக இருக்கும், மூன்றாம் நாள் கோபம் திரும்பும், அப்போது சடங்கே பொய் என்று தோன்றும். அதனால் சடங்கைக் கடைசியில் வைப்பதே நல்லது.

பதிவில் பதினான்கு நிமிடம் திட்டு. அதன் பிறகு குரல் மாறியது. "அய்யா செத்தப்ப நான்தானே உன்னைப் பாடையத் தொட விடல" என்று வந்தது. அதுவரை எந்த அமர்விலும் வராத விஷயம். அப்பாவின் அடக்கத்தன்று தம்பியைத் தூக்க விடாமல் தள்ளிவிட்டிருக்கிறார். வன்மத்துக்கு அடியில் குற்ற உணர்ச்சி இருக்கும்போது மற்றவரை மன்னிக்கும் பயிற்சி ஓரளவுக்கு மேல் நகராது. தம்பியின் தப்பு பெரிதாக இருந்தால்தான் தன் தப்பு சின்னதாகத் தெரியும். ஆகவே திட்டத்தை நிறுத்தி இரண்டு அமர்வு இதற்கே போனது: நான் செய்தேன் என்று சாக்கில்லாமல் சொல்வது, அதனால் யாருக்கு என்ன போனது என்று சொல்வது, சரிசெய்ய இன்று எது முடியும் என்று பார்ப்பது. பாடையை மறுபடி தூக்க முடியாது. அப்பாவின் நினைவுநாள் பூசைக்குத் தம்பி வீட்டுக்கு ஆள் அனுப்பாமல் தானே போய்ச் சொல்வது என்று அவரே முடிவு செய்தார். இது தம்பியை மன்னித்ததற்கான பரிசு அல்ல, தன் தப்புக்கான ஈடு. இரண்டையும் கலக்கவில்லை.

இதற்கிடையில் அன்புத் தியானம், அதாவது ஒருவரை மனதில் நிறுத்தி வாழ்த்தும் பயிற்சி, ஓடிக்கொண்டிருந்தது. வரிசை முக்கியம்: முதலில் தனக்கு நல்லது செய்த ஒருவர், இவருக்கு இறந்துபோன அம்மாச்சி. பிறகு தான். பிறகு பிடித்தமும் வெறுப்பும் இல்லாத ஒருவர், ஐஸ் வண்டி ஓட்டுகிறவர். ஒவ்வொருவருக்கும் ஒரு வாரம், தினம் 5 நிமிடம். சொல்லும் வாக்கியம் புத்தகத்திலிருந்து வரவில்லை: "உடம்பு நல்லா இருக்கட்டும். மனசு அமைதியா இருக்கட்டும். பத்திரமாக் கரை சேரட்டும்." தம்பியை வரிசையின் கடைசியில், ஏழாம் அமர்வுக்குப் பிறகே கொண்டுவந்தோம். அப்போதும் எடை போடும் இன்றைய தம்பியை அல்ல, கரைவலை இழுக்கும் இடத்தில் பின்னாலேயே ஓடி வந்த எட்டு வயதுப் பையனை. கோபம் 5ஐத் தாண்டினால் உடனே அம்மாச்சிக்குத் திரும்ப வேண்டும் என்பது நிபந்தனை. எதிராளியை முதல் வாரமே மனதில் நிறுத்தி வாழ்த்தச் சொல்லும் பயிற்சிகள் பெரும்பாலும் இந்த இடத்தில்தான் கெடுகின்றன. வாய் வாழ்த்தும், தாடை இறுகும்.

தம்பியின் நிலையில் நின்று பார்ப்பதில் கற்பனை கூடாது, தெரிந்த உண்மை மட்டும். முன்பணம் வாங்கியவர் பிடித்ததை அந்த வியாபாரிக்கே, அவர் சொல்லும் விலைக்கே போட வேண்டும். மகளுக்குத் தேதி குறித்தாகிவிட்டது. அண்ணனிடம் கேட்டால் மறுப்பார் என்ற பயம். இதெல்லாம் அவர் செய்ததை விளக்கும், நியாயமாக்காது. இந்த வித்தியாசத்தை ஒவ்வொரு முறையும் வாய்விட்டுச் சொன்னோம். சொல்லாவிட்டால், "அப்ப தப்பு என்னோடதா" என்று முழுப் பாரமும் இவர் தலையில் திரும்பி விழும்.

கணக்குத் தாள்

மன்னிப்புக்குக் காலக்கெடு கிடையாது. பணத்துக்கு உண்டு. 1963ஆம் ஆண்டுக் காலவரையறைச் சட்டப்படி பண வசூல் வழக்குக்குப் பொதுவாக 3 ஆண்டு. அதற்குள் கடன்பட்டவர் எழுத்தில் ஒப்புக்கொண்டு கையெழுத்திட்டால் அந்த நாளிலிருந்து புதிதாக எண்ணலாம். இரண்டு வருடம் தாண்டியிருந்த நிலையில், மனசு ஆறட்டும் என்று காத்திருந்தால் உரிமை போயிருக்கும். எட்டாம் அமர்வுக்கு முன் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் விசாரிக்கச் சொன்னோம். இலவச உதவி எண் 15100. அவர் இரண்டு சாட்சிகளோடு தம்பியிடம் போனார், பங்குத் தொகையை எழுதி வாங்கினார். குரல் உயரவில்லை என்று மனைவி சொன்னார். பயிற்சியின் பயன் அந்த இடத்தில்தான் தெரிந்தது. கோபத்தோடு போயிருந்தால் காகிதம் கிடைத்திருக்காது.

கடலுக்குத் திரும்பிய பின்

விசைப்படகுகள் திங்கள், புதன், சனியில் போகின்றன. தினம் இருமுறை என்ற அட்டவணை அந்த நாட்களில் நடக்காது. ஒரு நாள் தவறியதும் முழுதாக விட்டுவிடுவதுதான் வழக்கம் என்பதால் முன்கூட்டியே இரண்டு அட்டவணை போட்டோம்: கரை நாளில் 10 நிமிடம், கடல் நாளில் படகேறுமுன் 10 வெளிமூச்சு மட்டும். படகில் கண் மூடி எதுவும் செய்யக் கூடாது. வின்ச் கயிறு ஓடும் இடத்தில் தியானம் கை விரலுக்கு ஆபத்து. இலங்கைக் கடல் எல்லைப் பக்கம் போகும்போது வரும் பயத்தையும் இந்தப் பயிற்சியால் அமர்த்த முயலக் கூடாது. பிடிபடுவோமா என்ற பயம் உண்மையான ஆபத்தைப் பற்றியது, அதற்கு வேண்டியது ஜாக்கிரதை.

பத்தாம் அமர்வில் நிலை: மனச்சோர்வு மதிப்பெண் 5 முதல் 9 வரையுள்ள லேசான வரம்புக்கு இறங்கியிருந்தது. விழிப்பு 2 மணியிலிருந்து 4 மணிக்குத் தள்ளிப் போனது. ஏலக் கரையில் கோபம் 3, 4. வலை வேலையில் பெரும்பாலும் 2. சில நாள் 7 வருகிறது, வந்தால் அரை மணியில் இறங்குகிறது, முன்பு நாள் முழுக்க நின்றது. குடி வாரம் ஒன்று. இரத்த அழுத்த மாத்திரை தொடர்கிறது, அழுத்தம் குறைந்ததற்கு மாத்திரை காரணமா பயிற்சி காரணமா என்று பிரிக்க முடியாது, பிரிக்கவும் தேவையில்லை.

நினைவுநாள் பூசைக்குத் தம்பி குடும்பத்தோடு வந்தார். பிள்ளைகள் பேசிக்கொள்கிறார்கள். அண்ணனும் தம்பியும் எதிரில் பார்த்தால் தலையசைப்பதோடு சரி. எழுதிக் கொடுத்த தொகையில் முதல் தவணை வந்திருக்கிறது, இரண்டாவது தாமதம். தவணை தவறினால் என்ன செய்வது என்பதைக் கணக்குத் தாளின் கீழேயே எழுதி வைத்திருக்கிறார்: ஒரு மாதம் பொறுப்பது, பிறகு சாட்சிகளோடு கேட்பது, அதற்கும் மேல் ஆனால் சட்டப் பணிகள் அலுவலகம். அடுத்த பார்வை மூன்றாம் மாதம், கரை நாளில்.